கோவலனைக் கொன்றது சிலம்பா, தலைவிதியா?

(நமது பகுதி நேர நிருபர்)

சித்திரா பௌர்ணமிக்கு மறுநாள் காலை. வண்டன்மேடு கடைத்தெருவில் ஒரு டீக்கடை. முந்தின நாள் மங்கலதேவி மலை ஏறி, கண்ணகி கோயிலில் கும்பிட்டுத் திரும்பியவர்கள் கால் வலியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சில பெண்களின் கையில் கோயிலில் வாங்கிய புது வளையல் கிடந்தது. கம்பம்மெட்டு வழியாகத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றி வந்த ஜீப்புகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

பேச்சு எப்படியோ கோவலனிடம் போயிற்று.

“எல்லாம் அந்தச் சிலம்போட ராசி அண்ணே. ஆகாத நகை. அதை எடுத்துக்கிட்டு மதுரைக்குப் போனான், போன அன்னைக்கே உசுரு போச்சு” என்றார் ஒருவர்.

“சிலம்பு என்னய்யா செய்யும்? தலையெழுத்து. பூம்புகார்லயே இருந்திருந்தாலும் அவனுக்கு அதேன் நடந்திருக்கும்” என்றார் ஒரு பெரியவர்.

கடைக்காரர் இரண்டு பக்கமும் சேராமல் டீ ஆற்றிக் கொண்டிருந்தார். நான் கோட்டயத்தில் ரயில்வே குமாஸ்தா. மைத்துனர் இங்கே தோட்டத்தில் வேலை பார்ப்பதால் வருடா வருடம் இந்தத் திருவிழாவுக்கு வந்து போகிறவன். பத்தாவது வரை படித்தவன் என்ற தைரியத்தில் நானும் வாயைத் திறந்தேன். அன்று தொடங்கிய விவாதத்தை முடித்து வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

மலையும் கதையும்

வண்டன்மேட்டைப் பற்றி நமது வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏலக்காய் என்றால் வண்டன்மேடு. அருகிலுள்ள புற்றடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு அங்கே ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் வரை போனதை மலையில் எவரும் மறக்கவில்லை. கம்பம், உத்தமபாளையம் பக்கத்துத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தோட்டங்களில் களை எடுத்தும் காய் எடுத்தும் பிழைத்து வருகிறார்கள்.

இங்கிருந்து குமுளி போய், ஜீப் பிடித்து மலை ஏறினால், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், தமிழக - கேரள எல்லையில் நிற்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். வருடத்தில் சித்திரா பௌர்ணமி ஒரு நாள்தான் பக்தர்களுக்கு அனுமதி. தேனி, இடுக்கி ஆகிய இரண்டு மாவட்ட அதிகாரிகளும் கூடிப் பேசி ஏற்பாடு செய்கிறார்கள். ஜீப்புக்குக் காசில்லாதவர்களும் வேண்டுதல் உள்ளவர்களும் லோயர் கேம்ப் பக்கத்துப் பளியன்குடியிலிருந்து நடந்தே ஏறுகிறார்கள்.

மதுரையை எரித்த பின் கண்ணகி வைகைக் கரையோடு மேற்கே நடந்து, பதினான்காம் நாள் ஒரு மலைமேல் வேங்கை மரத்து நிழலில் நின்று விண்ணுலகம் போனாள் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்த மலை இதுதான் என்று 1960-களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் ஆராய்ந்து கூறினார். கொடுங்கல்லூர் பகவதியே கண்ணகி என்று சொல்வோரும் உண்டு. அது அறிஞர்கள் பாடு. கோயில் மேட்டில் நின்று கீழே கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்கிற நம் பெண்களுக்கு அவள் தங்கள் ஊர் வழியாக நடந்து வந்தவள்.

பெட்டிக்குள் போன தோடு

இது வெறும் டீக்கடை அரட்டை என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். என் மைத்துனர் வீட்டுக்குப் பக்கத்து லயத்தில் ஓர் அம்மாள் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம், மகளுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. தன் காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கணவனிடம் கொடுத்து விற்று வரச் சொன்னார். மனிதர் வேலை முடிந்து அப்படியே ஒரு நகைக்கடைக்குப் போனார். எந்த ஊர், எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம்.

சட்டையெல்லாம் ஏலக்காய்க் கறை. கையில் நல்ல கனமான பழைய தோடு. “யாருடையது? பில் எங்கே?” என்று கேட்டார்கள். மாமியார் காலத்து நகைக்கு யாரிடம் பில் இருக்கும்? ஆளை உட்கார வைத்து விட்டார்கள். போலீசைக் கூப்பிடலாமா என்று அவர் காதுபடவே பேசினார்கள். தகவல் தெரிந்து தோட்டத்துச் சூப்பர்வைசர் வந்து, “இவர் எங்கள் ஆள், பதினைந்து வருடமாகத் தெரியும்” என்று சொன்ன பிறகே விட்டார்கள். அப்போது மணி இரவு எட்டு.

அன்றிலிருந்து அந்தத் தோடு டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது. “ராசியில்லாத தோடு தம்பி. போட மனசு வரலே, விற்கவும் பயமா இருக்கு” என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார்.

கோவலன் கதையும் இதேதான். ஒரே ஒரு வித்தியாசம். கோவலனுக்குச் சூப்பர்வைசர் வரவில்லை.

சிலம்பின் பேரில் குற்றச்சாட்டு

கதையை நம்மில் பலர் கூத்திலும் சினிமாவிலும்தான் அறிவோம். 1942-ல் வந்த ‘கண்ணகி’யில் பி.யு. சின்னப்பாவும் கண்ணாம்பாவும் நடித்தார்கள். 1964-ல் ‘பூம்புகார்’ வந்தது. ஆனால் 1892-ல் உ.வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளிலிருந்து பதிப்பித்துத் தந்த மூலக் காவியத்தைப் பார்த்தால், வழக்கின் விவரங்கள் இன்னும் துல்லியமாகக் கிடைக்கின்றன.

புகார் நகரத்துப் பெருவணிகன் மாசாத்துவானின் மகன் கோவலன். மாநாய்கனின் மகள் கண்ணகி. திருமணத்தின்போது அவனுக்கு வயது 16, அவளுக்கு 12. மாதவியின் நடன அரங்கேற்றம் முடிந்ததும் அவளுடைய மாலை கடைவீதியில் விலைக்கு வருகிறது. விலை 1008 கழஞ்சு பொன். மாலையை வாங்குகிறவன் மாதவிக்கு நாயகன். கோவலன் வாங்கினான், மனைவியை மறந்தான். கடற்கரையில் ஒரு பாட்டில் எழுந்த சந்தேகத்தால் மாதவியையும் பிரிந்து, செல்வமெல்லாம் தொலைத்த வெறும் ஆளாக வீட்டுக்கு வந்தான். அப்போது கண்ணகி, தன்னிடம் சிலம்புகள் இருக்கின்றன, எடுத்துக் கொள்ளுங்கள் என்றாள். அதையே முதலாக வைத்து மதுரையில் பிழைப்போம் என்று விடியுமுன் இருவரும் புறப்பட்டார்கள்.

சிலம்பைக் குற்றவாளி என்பவர்களுக்கு இங்கே நல்ல ஆதாரம் இருக்கிறது. சிலம்பு இல்லையென்றால் மதுரைப் பயணமே இல்லை. அரசியின் சிலம்பும் அதே போல் இல்லாதிருந்தால் திருட்டுப் பழியும் இல்லை. ஒரு நகை புறப்பட வைத்தது, இன்னொரு நகை மாட்டி விட்டது. போதாக்குறைக்கு முதலில் வந்த அந்த மாலை வேறு!

நகைக்குத் தோஷம் உண்டு என்பது நம் ஊர் நம்பிக்கை மட்டும் அல்ல. நாம் நீலக்கல்லைத் தலையணைக்கடியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கிறோம். வெள்ளைக்காரர்களும் சளைத்தவர்கள் அல்லர். நம் கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்தில் எடுத்ததாகக் கருதப்படும் ஹோப் வைரம் என்ற நீல வைரம் 1668-ல் பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயிக்கு விற்கப்பட்டது. வைத்திருப்பவரையெல்லாம் அது அழிக்கும் என்ற கதை பின்னால் பரவியது. அந்தக் கதையை அலங்கரித்துச் சொன்னவர்களில் முக்கியமானவர், 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பணக்கார அமெரிக்க அம்மையாருக்கு அதை விற்க முயன்ற நகை வியாபாரி கார்ட்டியே! சாபம் என்றால் கிராக்கி கூடும் என்பது வியாபாரியின் கணக்கு. 1958-ல் ஹாரி வின்ஸ்டன் என்ற இன்னொரு வியாபாரி அந்த வைரத்தைப் பதிவுத் தபாலில் வாஷிங்டன் பொருட்காட்சி சாலைக்கு அனுப்பி வைத்தார். அன்று முதல் கண்ணாடிப் பெட்டிக்குள் அது பாட்டுக்கு இருக்கிறது. ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்துப் போகிறார்கள்.

விதியின் பேரில் குற்றச்சாட்டு

டீக்கடைப் பெரியவரின் கட்சி இன்னும் பலமானது. ஏனென்றால் காவியத்தை எழுதிய இளங்கோவடிகளே அவர் பக்கம் நிற்கிறார். காவியம் நிலைநாட்ட வந்த மூன்று உண்மைகளில், முன்செய்த வினை தேடி வந்து தன் பலனைக் கொடுத்தே தீரும் என்பது ஒன்று.

அதற்கேற்பத் துர்ச்சகுனங்கள் வரிசையாக வருகின்றன. கண்ணகி கெட்ட கனவு காண்கிறாள். கோவலன் கனவு காண்கிறான். பாண்டிமாதேவியும் காண்கிறாள். ஆயர்சேரியில் உறைக்கு ஊற்றிய பால் உறையவில்லை. சிலம்பை எடுத்துக் கொண்டு கோவலன் தெருவில் இறங்கும்போது ஒரு காளை பாய்ந்து வருகிறது. அது கெட்ட நிமித்தம் என்பது வணிகர் குலத்தில் பிறந்த அவனுக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் மேலாக ஒரு பெரிய சாட்சி. மதுரை எரிந்து கொண்டிருக்கும்போது மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் வந்து ஒரு பழைய கதையைச் சொல்கிறது. கலிங்க நாட்டில் சிங்கபுரம், கபிலபுரம் என்று இரண்டு ஊர்கள். இரண்டு அரசர்களுக்கும் பகை. சங்கமன் என்ற வணிகன் மனைவி நீலியோடு சிங்கபுரத்துக்கு வந்து நகை விற்றான். அரசனிடம் வேலை பார்த்த பரதன் என்பவன், இவன் எதிரி நாட்டு ஒற்றன் என்று சொல்லிச் சங்கமனைக் கொலைக்களத்துக்கு அனுப்பினான். நீலி பதினான்கு நாள் ஊரெல்லாம் அழுது அலைந்து, இந்தத் துன்பம் செய்தவர்களுக்கும் இதே துன்பம் வரட்டும் என்று சபித்து விட்டு மலையிலிருந்து விழுந்து இறந்தாள். அந்தப் பரதன்தான் இந்தப் பிறவியில் கோவலன்.

நகை விற்க வந்த அயலூர் வியாபாரி, பொய்ப் பழி, விசாரணை இல்லாத கொலை. எல்லாமே அப்படியே திரும்பி வந்திருக்கிறது. “பார்த்தீங்களா, நான் சொல்லலே?” என்று பெரியவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

அன்று மதுரையில் நடந்தது என்ன?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதுராபதித் தெய்வம் இந்தக் கதையைச் சொன்னது எப்போது? கோவலன் செத்து, அரசன் செத்து, ஊர் பற்றி எரிந்த பிறகு. கொலை நடந்த நேரத்தில் அங்கிருந்த எவருக்கும் கலிங்கத்துக் கதை தெரியாது. அவர்கள் தங்கள் சொந்த புத்தியால் செய்ததைத்தான் செய்தார்கள். அதை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

முதலாவது, பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன். எப்போது வெளிப்படுமோ என்று பயந்து கொண்டிருந்தவன் முன்னால் அதே மாதிரிச் சிலம்போடு கோவலன் வந்து நின்றான். ஊர் விட்டு ஊர் வந்த புதியவன் என்பதைப் பார்த்தே, பழியை இவன்மேல் போடலாம் என்று பொற்கொல்லன் முடிவு செய்ததாகக் காவியம் சொல்கிறது. நம்மைப் போல் வெளி மாநிலத்தில் பிழைக்கிறவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். கோவலனைத் தேர்ந்தெடுத்தது நகையின் தோஷம் அல்ல. அவனுக்காகப் பேச அந்த ஊரில் ஆள் இல்லை என்ற கணக்கு.

இரண்டாவது, அரசன். ஆடல் மகளிரைப் பார்த்துக் களித்ததில் அரசிக்குக் கோபம். அவளைச் சமாதானம் செய்ய அந்தப்புரத்துக்குப் போய்க் கொண்டிருந்தான் பாண்டியன். வழியில் பொற்கொல்லன் வந்து விழுந்தான். அரசன் ஒரு கேள்வி கேட்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று விட்டுச் சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்று காவலர்களிடம் சொல்லி விட்டு நடந்தான். அது வினை விளைகிற காலம் என்று இளங்கோவடிகள் அந்த இடத்தில் சொல்கிறார். கூடவே, அரசன் ஆராயவில்லை என்பதையும் சொல்லாமல் விடவில்லை.

மூன்றாவது, காவலர்கள். கோவலனைப் பார்த்த உடனே, இவன் முகத்தில் திருட்டுக் களை இல்லையே என்று அவர்கள் தயங்கினார்கள். பொற்கொல்லன் சிரித்து விட்டு, திருடர்கள் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டு வகையால் திருடுவார்கள் என்று நீண்ட பிரசங்கம் செய்தான். அவர்கள் பேசிக் கொண்டிருக்கும்போதே குடித்திருந்த கல்லாத முரடன் ஒருவன் வாளை வீசி விட்டான்.

ஒருவன் பொய் சொன்னான், ஒருவன் அவசரப்பட்டான், சிலர் தயங்கியும் தடுக்கவில்லை, ஒருவன் குடித்திருந்தான். நடந்தது இவ்வளவுதான். இதில் எந்த ஓர் ஆள் ஒரு நிமிடம் பொறுத்திருந்தாலும் கோவலன் பிழைத்திருப்பான்.

கோவலன் மேலும் தப்பு இல்லாமல் இல்லை. மனைவியை விட்டுப் போனது, சொத்தைக் கரைத்தது எல்லாம் அவன் வேலை. ஆனால் அதற்குத் தண்டனை வறுமை. வறுமையை அவன் ஏற்றுக் கொண்டு உழைத்துப் பிழைக்கத்தான் வந்தான். தலை வாங்குகிற அளவுக்கு அவன் மதுரையில் ஒன்றும் செய்யவில்லை.

சிலம்பு பேசிய சாட்சி

இனிச் சிலம்பைப் பார்ப்போம். கண்ணகி ஒற்றைச் சிலம்போடு அரசவைக்கு வருகிறாள். திருடனைக் கொல்வது அரச நீதிதானே என்கிறான் பாண்டியன். என் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கப் பரல் என்கிறாள் அவள். நல்லது, எங்கள் சிலம்புக்குள் இருப்பது முத்து என்கிறான் அவன். கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பைக் கொண்டு வந்து வைக்கிறார்கள். உடைக்கிறாள். மாணிக்கம் தெறிக்கிறது.

வாதி தன் அடையாளத்தைச் சொல்கிறாள். பிரதிவாதி தன் அடையாளத்தைச் சொல்கிறான். இரண்டு பேர் முன்னிலையிலும் பொருளைச் சோதிக்கிறார்கள். இன்றைய கோர்ட்டில்கூட இதைவிட ஒழுங்காக விசாரிக்க முடியாது. என்ன, ஒரு நாள் முன்னால் நடந்திருக்க வேண்டும்.

ஆகவே, சிலம்பு கோவலனைக் காட்டிக் கொடுத்தது என்பது தவறு. அவன் குற்றமற்றவன் என்று ஊரறியச் சொன்ன ஒரே சாட்சி அந்தச் சிலம்புதான். அதை உயிரோடிருந்தபோது யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

விதியைச் சாக்குச் சொல்லாத மூவர்

விதி என்ற சொல்லைப் பயன்படுத்தித் தப்பித்துக் கொள்ள மூன்று பேருக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. மூவரும் அதைச் செய்யவில்லை.

கண்ணகியின் தோழி தேவந்தி, சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய துறைகளில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான், போன பிறவியில் கணவனுக்காகச் செய்ய வேண்டிய நோன்பைச் செய்யாத குறைதான் இது என்று பரிகாரம் சொன்னாள். அது பெருமை ஆகாது என்று கண்ணகி மறுத்து விட்டாள்.

கோவலன், ஆயர்சேரியில் கடைசியாகச் சாப்பிட்டு முடித்த பின் கண்ணகியிடம் மனம் விட்டுப் பேசுகிறான். வீணருடன் சேர்ந்து கெட்டதையும், பெற்றோரைத் தவிக்க விட்டதையும், அவளுக்குச் செய்த கொடுமையையும் தன் தவறாகவே சொல்கிறான். கிரகத்தின் மேல் பழி போடவில்லை.

மூன்றாமவன் பாண்டியன் நெடுஞ்செழியன். மாணிக்கம் தெறித்த அந்த நிமிடத்தில், எல்லாம் விதி அம்மா, நான் என்ன செய்வேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். காவியப்படி அது பொய்கூட ஆகாது. ஆனால் அவன், பொற்கொல்லன் பேச்சை நம்பிய தான் அரசனே அல்லன் என்றும், கள்வன் தானே என்றும் சொல்லி விழுந்து உயிர் விட்டான். இரண்டாயிரம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாடு அந்த அரசனைத் திட்டவும் செய்கிறது, மதிக்கவும் செய்கிறது என்றால் இந்த ஒரு வாக்குமூலம்தான் காரணம் என்பதில் ஐயமில்லை.

இளங்கோவடிகள் சொன்ன மூன்று உண்மைகளில் ஊழ்வினை ஒன்று என்றேன். ஆட்சியில் தவறியவர்களுக்கு அறமே எமன் ஆகும் என்பது இன்னொன்று. விதி ஒன்றே காரணம் என்றால் அரசனைத் தண்டிக்க வேண்டிய அவசியம் என்ன? விதி கோவலனுக்கு ஏன் வந்தது என்று அவர் விளக்கினார். அதற்காக விசாரிக்காதவனை அவர் விடவில்லை.

தோஷம் கழித்த விதம்

சாபம் என்ற பேச்சு எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கும் அதே காவியத்தில் பயங்கரமான உதாரணம் ஒன்று இருக்கிறது. நெடுஞ்செழியன் இறந்த பின் பாண்டி நாட்டில் மழை இல்லை, நோய் பரவியது. கண்ணகியின் சாபம் என்று கருதி, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் சாந்தி செய்தான். எப்படி? ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்து!

திருடியவன் ஒருவன். செத்தவர்கள் ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேரில் ஒருவனையாவது, நீ என்ன செய்தாய் என்று கேட்டிருப்பார்களா? கண்ணகிகூடத் தீயை ஏவும்போது முதியோர், குழந்தைகள், பத்தினிகள், பசுக்கள், அறவோர் இவர்களை விட்டு விட்டுத் தீயவர் பக்கம் போ என்றுதான் சொன்னாள். ஆத்திரத்தின் உச்சியில் அவள் பார்த்த நியாயத்தை, நிதானமாக இருந்த அரசன் பார்க்கவில்லை.

நம் காலமும் பெரிதாக மாறிவிடவில்லை. 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் வைத்த கண்ணகி சிலை, லாரி மோதிப் பீடம் சேதமானது என்ற காரணத்தின் பேரில் 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, 2006-ல் மீண்டும் வைக்கப்பட்டது. இடையில் வாஸ்து என்றும் தோஷம் என்றும் எவ்வளவு பேச்சு அடிபட்டது! நியாயம் கேட்டவளின் சிலைக்கே தோஷம் கண்டுபிடித்த கெட்டிக்காரர்கள் நாம்.

நானும் ஒரு நாள் செழியன் ஆனேன்

ஊருக்கு உபதேசம் செய்து விட்டு என் கதையைச் சொல்லாமல் போனால் நியாயம் ஆகாது.

முன்பு ஒரு ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பையன் 500 ரூபாய் நோட்டை நீட்டினான். வயது இருபது இருக்கும். நோட்டு கொஞ்சம் கசங்கி, நிறம் மங்கியிருந்தது. நான் அந்த நோட்டைச் சரியாகப் பார்ப்பதற்கு முன் அவனைப் பார்த்தேன். அழுக்குச் சட்டை, புரியாத பாஷை. “கள்ள நோட்டா?” என்று எல்லாரும் கேட்கச் சத்தம் போட்டேன். பின்னால் நின்ற ஜனங்களும் சேர்ந்து கொண்டார்கள். பையன் முகம் வெளுத்து நின்றான். சீனியர் ஒருவர் எழுந்து வந்து நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “நல்ல நோட்டுய்யா” என்றார். அதற்குள் அவனுடைய வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி இரவில்தான்.

அன்று நான் பக்கத்துக் கவுண்டர்க்காரரிடம் சொன்ன வார்த்தை இன்னும் நினைவிருக்கிறது. “என்ன செய்யிறது, அவன் நேரம் அப்படி.”

அவன் நேரம் அல்ல, என் அவசரம். பாண்டியன் ஒப்புக் கொண்டதை நான் ஒப்புக் கொள்ளவில்லை. ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்திருந்தால் என் குமாஸ்தா உத்தியோகம் குறைந்து போயிருக்காது.

இன்று ஏலத் தோட்டங்களில் அசாம், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள் நம்மவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். காய் விலை ஏறுகிற காலத்தில் பச்சைக்காய் களவு போனால் முதலில் யார் பையைத் திறந்து பார்க்கிறோம்? ஒரு காலத்தில் நம் பைகளைத் திறந்தார்கள். இப்போது நாம் அவர்கள் பையைப் பார்க்கிறோம். நேற்றைய கோவலர்கள் இன்றைக்குப் பொற்கொல்லன் ஆகிவிடக் கூடாது.

மாணிக்கப் பரலும் முத்திரையும்

விதியை நம்புகிறவர்கள் நம்பட்டும். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் சிலம்புக்குள் மாணிக்கம் இருந்தது போல, நம் கையிலும் சாட்சி இருக்க வேண்டும்.

2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்ட ஊர்களில் கடைகள் விற்கும் தங்க நகைகளில் ஹால்மார்க் முத்திரையோடு ஆறு எழுத்து - எண் கொண்ட அடையாளக் குறியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். புது நகை வாங்கும்போது அந்தக் குறி எழுதிய பில்லை வாங்கி வைக்க வேண்டும். அடகு வைத்தால் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். பாட்டி காலத்து நகையை விற்கப் போனால் தனியாகப் போகாமல், ஊரில் முகம் தெரிந்த ஒருவரோடு, அடையாள அட்டையோடு போவது நல்லது.

அதைவிட முக்கியமானது ஒன்று. கைது செய்யப்பட்ட எவருக்கும் காரணத்தைச் சொல்ல வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு சொல்கிறது. வக்கீலைக் கலந்து பேசும் உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது. உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன் என்ற பேதம் அதில் இல்லை. மதுரையில் அன்று இல்லாமல் போனது இந்த 24 மணி நேரம்தான்.

கடைசியாக அந்தத் தோடு

டீக்கடையில் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பாதியில் ஜீப்காரர் ஹாரன் அடித்தார், கூட்டம் கலைந்தது. பெரியவர் மட்டும் எழுந்து போகும்போது, “விதி இல்லேன்னு சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா விசாரிக்காதது விதி இல்லே, அதை ஒத்துக்கிறேன்” என்றார். எனக்கு அது போதும்.

சாயங்காலம் பக்கத்து லயத்து அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு, “அப்போ தோட்டுல குத்தமில்லேங்கிறீங்க” என்றார்.

“இல்லை அக்கா.”

“அவரை உட்கார வைச்சாங்களே, அதுதேன் குத்தம்.”

“ஆமாம்.”

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “அதை அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா இத்தனை வருசம் பெட்டியிலே கிடந்திருக்காது” என்றார். அடுத்த வருடம் மகளுக்குக் கல்யாணம் பேசப் போகிறார்களாம். தோட்டை அழித்து வேறு நகை செய்யும் உத்தேசம் இருந்தது. இப்போது அப்படியே மகளுக்குப் போட்டு விடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்.

கவுண்டருக்கு உள்ளே இருக்கிற நம்மவர்களும் சரி, வெளியே வரிசையில் நிற்கிற நம்மவர்களும் சரி, தெரியாத முகம் ஒன்று எதிரே வந்து நிற்கும்போது முதலில் ஒரு கேள்வி கேட்போம். பதிலைக் காது கொடுத்துக் கேட்போம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.